வீட்டு நினைவுகளை எழுதி வைத்தல்: சபை மறந்த ஒரு பணி

ஒருவர் மரித்த இரவில் ஆயர் அவ்வீட்டாரிடம் கேட்பவை சில உண்டு. அடக்க ஆராதனை எத்தனை மணிக்கு, எந்தப் பாட்டுகள், வேதபாடம் வாசிப்பவர் யார் என்பவற்றோடு, மரித்தவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஒரு தாளில் எழுதித் தரும்படியும் கேட்பது நம் சபைகளின் வழக்கம். அழுது சோர்ந்த வீட்டில் பேரப்பிள்ளை ஒருவன் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்குவான். பிறந்த ஆண்டு தோராயமாக வரும். திருமணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எனத் தொகை வரும். ‘சபை ஆராதனைகளில் தவறாமல் கலந்துகொண்டார்’ என்ற வரியோடு குறிப்பு முடியும்.

ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன், தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு தாயாரை நாம் அடக்கம் செய்தோம். அவருடைய தாயின் பெயர் என்னவென்று கேட்டபோது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறந்த ஊர் எதுவென்று கேட்டதற்கு மூத்த மகன், “மேட்டூர்ப் பக்கமுங்க ஐயா, அந்த ஊரு இப்ப தண்ணிக்குள்ள இருக்குதுன்னு ஆத்தா சொல்லும்” என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. மேட்டூர் அணைக்குள் மூழ்கிய ஓர் ஊரில் சிறுமியாய் நடந்து திரிந்த ஒருவர், எத்தனையோ ஞாயிறுகள் நம் முன்னே பாயில் அமர்ந்து பிரசங்கம் கேட்டிருக்கிறார். நாம் அவருக்குப் போதித்தோம். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டார் மறந்தனர் என்று சொல்லி ஆயர் இதில் தப்பித்துக்கொள்ள இயலாது. இக்கட்டுரை அந்தக் குற்ற உணர்விலிருந்தே எழுகிறது.

1. வேதாகமம் கற்பிக்கும் வழி

இறைமக்களின் விசுவாசம் வீட்டில் கேட்கப்படும் கேள்வியிலிருந்து வளர்கிறது என்பதை வேதாகமம் பலமுறை காட்டுகிறது. பஸ்கா இரவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் என்ன சொல்ல வேண்டும் என்பது யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் கட்டளையாகவே அமைந்துள்ளது. யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா கில்காலில் நாட்டியதற்கும், பின்வரும் பிள்ளைகள் அவற்றைக் கண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பதே காரணம். கல் தானாகப் பேசாது. பிள்ளை கேட்க வேண்டும். பெரியவர் விடை சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் அது வெறுங்கல்லாகிவிடும்.

உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கொண்டுவரும் இஸ்ரவேலன் தன் நிலத்தையோ விளைச்சலையோ புகழ்வதில்லை. தன் முன்னோன் அலைந்து திரிந்தவன் என்றும், அந்நிய நாட்டில் அடிமைப்பட்டிருந்தவன் என்றும் அறிக்கையிடுகிறான். குடும்ப வரலாறு அங்கே விசுவாச அறிக்கையாகிறது. 78ஆம் சங்கீதமும் கர்த்தரின் செயல்களைப் பின் சந்ததிக்கு மறைப்பதில்லை என்று தொடங்கி, பிதாக்களின் முரட்டாட்டத்தை நெடுக விவரிக்கிறது. முன்னோரின் பெருமையை மட்டும் சொல்வது வேதாகமம் காட்டும் நினைவுகூர்தல் அன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

புதிய ஏற்பாட்டிலும் இவ்வாறே. லூக்கா தம் நற்செய்தியின் முன்னுரையில், கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்தவற்றைத் திட்டமாய் விசாரித்து ஒழுங்காக எழுதுவதாகக் கூறுகிறார். கேட்டல், விசாரித்தல், ஒழுங்குபடுத்தல், எழுதுதல் என்னும் நான்கும் அங்கே அடங்கியுள்ளன. தீமோத்தேயுவின் விசுவாசத்தைக் குறிப்பிடும் பவுல், அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். ஒரு வீட்டுப் பாட்டியின் பெயர் திருமறையில் நிலைபெற்றதற்குக் காரணம், அதை ஒருவர் கடிதத்தில் எழுதியதே.

2. நம் சமவெளியில் எழுதப்பட்டவையும் எழுதப்படாதவையும்

சேலத்தில் லண்டன் மிஷன் ஊழியம் 1827இல் ஹென்றி கிறிஸ்ப் என்பவரால் தொடங்கப்பட்டது. அவருக்குப் பின் வந்த மிஷனெரிமார் தம் சங்கத்திற்குக் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் அனுப்பினர். அச்சங்கத்தின் ஆவணங்கள் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் நூலகத்தில் காக்கப்படுகின்றன. அரசாங்கமும் எழுதியது. லெஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883இலும், ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெஜட்டியர் 1918இலும் வெளிவந்தன. நிலம், நீர், வரி, சாதி, தொழில் ஆகியவற்றைப் பற்றிப் பல செய்திகளை அவற்றில் காணலாம்.

ஆயினும் இவை ஒரு பக்கத்து எழுத்துகளே. மிஷனெரி எழுதிய கடிதம் கடல் கடந்து காக்கப்பட்டது. அவருடன் கால்நடையாய் ஊர் ஊராகச் சென்ற உபதேசியார், வீடு வீடாகச் சென்ற பைபிள் ஸ்திரீ, முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றதால் உறவினரை இழந்த குடும்பம் ஆகியோரின் பக்கத்துச் செய்தி நம் வீடுகளில்தான் உள்ளது. அது ஒரு தகரப் பெட்டியில் இருக்கலாம். ஒரு மூதாட்டியின் நெஞ்சில் இருக்கலாம். அதற்கு வேறு நூலகம் இல்லை.

தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டப் பகுதிகள் பலவும் அதில் அடங்கியிருந்தன. 1881இல் அத்தொகை ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்தது. இடையில் வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம். பசியாலும் நோயாலும் மாண்டோர் எத்தனையோ பேர்; பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் சென்றோரும் பலர். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தக் குறைவைக் கணக்கு நமக்குச் சொல்கிறது. எந்த வீட்டில் எவர் மாண்டார், எவர் குழந்தையை எடுத்துக்கொண்டு நடந்தார், எதைத் தின்று உயிர் பிழைத்தார் என்பதை வீட்டு நினைவு மட்டுமே சொல்ல இயலும். அதைக் கண்டவர்களிடம் கேட்டவர்களும் இன்று மறைந்துவிட்டனர். கேட்டவர்களிடம் கேட்டவர்கள் மட்டும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர்.

எழுதியதால் நிலைத்த நினைவுகளும் இவ்வட்டாரத்தில் உண்டு. கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியரை நம்மவர் பலர் அறிவர். இன்ஃபுளுயன்சா காய்ச்சல் பரவியபோது, அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் தம் மரணப்படுக்கையில் தம் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார் என்பது அக்குடும்பம் காத்துவந்த நினைவுகளில் ஒன்று. 1929 ஜூனில் ஜெஸ்ஸி காய்ச்சலால் மலையிலேயே மரித்தார். அப்போது மகன் பால் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார். மரணச் செய்தி தந்தியில் சென்று சேர்ந்தது. தந்தை முன்னரே எழுதிய கடிதமோ கப்பலில் சென்று, அவர் மரித்த பின்னரே மகன் கைக்குக் கிடைத்தது. பின்னாளில் வேலூரில் தொழுநோயாளருக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட், அந்தக் கடிதத்தைப் பற்றித் தம் முதிய வயதிலும் பேசிவந்தார். ஒரு கடிதம் ஒரு மகனுக்குத் தந்தையை மீண்டும் தந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் அவர்களோடு வாழ்ந்து, நோயுற்றோரைச் சுமந்து, நற்செய்தியைக் கேட்டு ஏற்ற மலைமக்களின் வீட்டுக் கதைகள் அவ்வாறு நூலாகி உலகம் சுற்றவில்லை.

மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ‘என் கதை’ என்னும் தன்வரலாற்றை எழுதினார். நம் காலத்தில் திருச்செங்கோட்டு வட்டாரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் பெருமாள்முருகன், உழவுத் தொழிலில் உழன்ற தம் தாயைப் பற்றி ‘தோன்றாத் துணை’ என்னும் நூலை 2019இல் வெளியிட்டார். பெரும்பதவி எதுவும் வகிக்காத ஒரு பெண்ணின் அன்றாட வாழ்க்கையும் ஒரு நூலுக்குத் தகுதி உடையது என்பதை அது மெய்ப்பிக்கிறது. நம் சபை மக்கள் எல்லாரும் நூலாசிரியர் ஆக வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

3. நீருக்கடியில் ஓர் ஊர்

மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்றது. அதன் நீர்த்தேக்கத்தில் பல ஊர்கள் மூழ்கின. கோடையில் நீர்மட்டம் மிகவும் குறையும்போது பண்ணவாடிப் பகுதியில் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் முதலில் தலைகாட்டும். நீர் மேலும் வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் வெளிப்படும். மக்கள் திரண்டு சென்று பார்ப்பர். நாளிதழ்கள் படம் வெளியிடும். மழை பெய்து நீர் ஏறியதும் இரண்டும் மறைந்துவிடும்.

கோபுரமும் நந்தியும் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை. ஆதலால் மீண்டும் மீண்டும் எழுந்து காட்சி தருகின்றன. அந்த ஊரின் கிணற்றடியில் பேசியவை, வண்டியில் சாமான் ஏற்றிய நாளில் பெண்கள் அழுதவை, கல்லறையில் கிடந்தோரை விட்டுச் சென்றவரின் துயரம் ஆகியவை எந்தக் கோடையிலும் மேலெழா. அவற்றை அறிந்த ஒருவரை நாம் அரைப்பக்கக் குறிப்போடு அடக்கம் செய்தோம் என்பதை மேலே சொன்னோம்.

4. எவ்வாறு கேட்பது

முதலாவது, நேரம். மரண வீட்டில் அன்று; நோய்ப்படுக்கையிலும் அன்று. ஆயர் வீடு சந்திக்கும் சாதாரண நாளில், பேரப்பிள்ளை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கேட்பது நலம். ஒரு மணி நேரத்துக்கு மேல் முதியவரைக் களைப்பூட்டலாகாது. மறுவாரம் செல்லும்போது அவரே புதிய செய்தியோடு காத்திருப்பார்.

இரண்டாவது, கேள்வி. ‘உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்றால், ‘எனக்கென்னங்க வரலாறு?’ என்பார். ‘நீங்கள் சிறுமியாய் இருந்தபோது காலையில் முதலில் செய்த வேலை எது?’, ‘வீட்டில் சோறு பொங்கிய நாட்கள் எவை?’, ‘முதன்முதல் ஜெபக்கூட்டத்துக்கு உங்களை அழைத்துச் சென்றவர் யார்?’ என்று குறிப்பாகக் கேட்டால் வாய் திறக்கும். சொல்லும்போது திருத்தலாகாது. ஒரே நிகழ்ச்சியை அண்ணன் ஒருவிதமாகவும் தங்கை வேறுவிதமாகவும் சொன்னால் இரண்டையும் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். நான்கு நற்செய்திகளைப் பெற்றிருக்கும் திருச்சபைக்கு இது புதிதன்று.

மூன்றாவது, காலம். நம் முதியோர் ஆங்கில ஆண்டைச் சொல்வது அரிது. காவிரிப் பெருவெள்ளம், அணை கட்டியது, இன்ன பஞ்சம் என்று நிகழ்ச்சியால் காலத்தைக் குறிப்பர். பெருவெள்ளம் 1924 ஜூலையில் வந்தது. அதுவே ரக்தாட்சி ஆண்டு ஆடி மாதம். இவ்வாறு ஒரு நிகழ்ச்சிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அதற்கு முன்னா, பின்னா?’ என்று கேட்டால் ஆண்டை நெருங்கலாம். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வருவதையும் மறக்கலாகாது. தாது என்பது 1876இல் தொடங்கிய ஆண்டுக்கும் பெயர். 1936இல் தொடங்கிய ஆண்டுக்கும் அதுவே பெயர். கவனியாது எழுதினால் ஒரு தலைமுறைக்கு மேல் பிழைபட்டுவிடும்.

நான்காவது, சொல். அப்பாரு, ஆத்தா, அமுச்சி என்று அவர் சொன்னதைப் பாட்டனார், பாட்டியார் என மாற்ற வேண்டியதில்லை. ஒரு முதியவர் தம் இளமையெல்லாம் ‘கவலை ஓட்டினேன்’ என்றார். அருகிலிருந்த பேரன் அவர் துன்பப்பட்டதைச் சொல்வதாக எண்ணி எழுதிக்கொண்டான். எருதுகளைப் பூட்டிச் சரிவில் ஓட்டி, சாலில் கிணற்று நீரை இறைக்கும் அமைப்புக்கே கவலை என்று பெயர். வடம், வால்கயிறு, சால், ஓட்டும்போது பாடிய பாட்டு ஆகிய எல்லாம் அச்சொல்லோடு இணைந்தவை. மின்மோட்டார் வந்தபின் கவலை மறைந்தது. விளக்கம் எழுதாவிட்டால் சொல்லும் மறையும். தறிக்குழி, மரவள்ளிக் காடு, லாரிப் பட்டறை என அவரவர் தொழிலுக்கும் இது பொருந்தும்.

5. எவ்வாறு எழுதிக் காப்பது

இக்காலத்தில் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வது எளிது, அது நன்று. ஆனால் கைப்பேசி பழுதாகும், மாற்றப்படும், பதிவு எங்கோ மறையும். எனவே பதிவைக் கேட்டு நோட்டில் எழுதுதல் இன்றியமையாதது. சொன்னவர், கேட்டவர், இடம், நாள் ஆகிய நான்கும் முதற்பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு படி வீட்டிலும், ஒரு படி வெளியூரில் வாழும் உறவினரிடமும், வீட்டார் இசைந்தால் ஒரு படி சபை அலுவலகத்திலும் இருப்பது பாதுகாப்பு.

புகைப்படத்தின் பின்புறம் மென்மையாகப் பென்சிலால், இடமிருந்து வலமாக நிற்பவர் பெயர்களை எழுத வேண்டும். பழைய தாள்களில் செல்லோ டேப் ஒட்டுவதும் அவற்றை லேமினேஷன் செய்வதும் நாளடைவில் கேடு தரும். சுவரையும் தரையையும் ஒட்டி வைத்தால் ஈரமும் கரையானும் சேரும். குடும்ப வேதாகமத்தின் முன் தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றை எழுதிவைத்த முன்னோர் பலர் உண்டு. வேதாகமம் பழையதாகிப் புதியது வாங்கும்போது அத்தாள்களை எறிந்துவிடாமல் காப்பது முதற்கடமை. சபையின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளோடு அவற்றை ஒப்பிட்டால் பல ஐயங்கள் தீரும்.

6. மறைக்க விரும்பும் செய்திகள்

இப்பணியில் மிகக் கடினமானதைக் கடைசியாகக் கூறுகிறோம். பல குடும்பங்கள் மறந்ததால் மட்டும் மௌனமாயில்லை. மறைக்க விரும்புவதாலும் மௌனமாயுள்ளன. பஞ்ச காலத்தில் சபையில் சேர்ந்தோரின் சந்ததியார், கஞ்சிக்காகச் சேர்ந்தவர் என்ற ஏளனத்துக்கு அஞ்சுவர். பசித்த மகனை அப்பத்தின் நினைவே தந்தை வீட்டுக்குத் திருப்பியது என்பதை லூக்கா 15இல் வாசிக்கும் நாம், அந்த ஏளனத்தை ஏற்க வேண்டியதில்லை. கொடுத்த கையையும் வாங்கிய கையையும் கர்த்தர் அறிவார்.

சாதியைப் பற்றிய மௌனம் இதனினும் ஆழமானது. பட்டியல் சாதியினரை வரையறுத்த 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் அந்நிலையை அளித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே சான்றிதழில் ஒரு பெயரும் சபைப் பதிவேட்டில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வீட்டு வரலாற்றை எழுதச் சொல்லும்போது, அந்த எழுத்து யார் கைக்குச் செல்லும் என்று அவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. எழுதுவதும், பூட்டி வைப்பதும், பிறருக்குக் காட்டுவதும் அக்குடும்பத்தின் உரிமை. ஆயர் அறிந்ததை அனுமதியின்றிப் பிரசங்க மேடையில் உதாரணமாகச் சொல்வது நம்பிக்கைத் துரோகமாகும். மறுபுறம், ஆலயத்தில் தனி இடத்தில் அமர்த்தப்பட்டவர்களும் தனிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கப்பட்டவர்களும் தங்கள் சாட்சியை எழுதித் தர முன்வந்தால், சபையின் நற்பெயருக்காக அதைச் சுருக்கவோ மென்மையாக்கவோ நமக்கு உரிமை இல்லை.

மத்தேயு 1ஆம் அதிகார வம்ச அட்டவணை இதற்கு வழிகாட்டுகிறது. தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரை அங்கே சேர்க்காமல் விட்டிருக்கலாம். நற்செய்தியாளர் விடவில்லை. மீட்பர் வந்த வழி அவர்கள் வழியாகவும் சென்றது என்பதை மறைத்தால் நற்செய்தியே குறைபட்டுவிடும்.

நிறைவாக

ஒரு சபைக்கு இது பெருஞ்செலவுள்ள திட்டமன்று. எழுபத்தைந்து வயதைக் கடந்தோரின் பட்டியல் ஒன்று, ஆளுக்கொரு நோட்டு, வாலிபர் சங்கத்திலோ ஞாயிறு பள்ளி மேல்வகுப்பிலோ இருந்து, ஒரு முதியவருக்கு ஒருவராகப் பிள்ளைகள். மாதத்தில் ஒருமுறை ஆயர் அந்நோட்டுகளைப் பற்றி விசாரித்தால் போதும். தேர்வுகளுக்காக எத்தனையோ பக்கங்களை எழுதும் நம் பிள்ளைகள், தம் அப்பத்தாவின் தாயின் பெயரை ஒரு வரியில் எழுதக் கூடாதா?

நாம் அடக்கம் செய்த அந்தத் தாயாரின் தாயின் பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை. கர்த்தர் அதை அறிவார் என்னும் ஆறுதல் நமக்கு உண்டு. ஆனால் அந்த ஆறுதல், உயிரோடிருப்பவரிடம் கேளாதிருப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. இவ்வாரம் வீடு சந்திக்கச் செல்லும் ஊழியர் ஒவ்வொருவரும், ஜெபித்து எழுமுன் அவ்வீட்டின் மூத்தவரிடம் ஒரே ஒரு கேள்வியாவது கேட்பாராக. விடையைப் பேரப்பிள்ளை எழுதிக்கொள்வதைக் கண்ட பின்னரே விடைபெறுவாராக.